விலகிப் போகிறவருக்கு வாக்கு உண்டா?

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரம், எனது மூத்த மருமகன் நான்காக மடித்த ஒரு தாளைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார். காத்தான்குடியில் அவருக்கு ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. ஏறாவூரில் ஒருவர், ஓட்டமாவடியில் ஒருவர், களுவாஞ்சிக்குடியில் ஒரு தமிழ்ச் சகோதரர் என்று இன்னும் மூன்று கடைக்காரர்கள் அவரோடு சேர்ந்திருக்கிறார்கள். கொழும்பு புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவிலிருந்து சீனி, பருப்பு, வெங்காயம் எல்லாவற்றையும் ஒரே கொள்வனவாக எடுத்து, ஒரே லொறியில் கொண்டுவந்து, ஒரு பொதுக் களஞ்சியத்தில் இறக்குவதென்று பேசி முடித்திருக்கிறார்களாம்.

“தனித்தனியா எடுத்தா ஒரு விலை, லோட் கணக்கில எடுத்தா வேற விலை மாமா. லொறிக் கூலியும் நாலாப் பிரியும். ஒப்பம் வைக்கட்டா?” என்று கேட்டார்.

தாளை வாசித்தேன். நால்வரும் சம பங்காளிகள். இலாபம் சமம், செலவு சமம். எப்படிச் சேர்வது என்பது பத்து வரியில் இருந்தது. எப்படிப் பிரிவது என்பது ஒரு வரியிலும் இல்லை.

“இந்த நாலு பேரில அரைவாசிச் சரக்கு யாருக்கு மகன்?”

“ஓட்டமாவடிக்காரருக்கு. அவருக்குத்தான் பெரிய கடை.”

“அவருக்கும் கால் பங்குதானா?”

“ஓம் மாமா. அவரே சரியெண்டு சொல்லிட்டார்.”

ஒப்பம் வைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு கிழமை பொறுக்கச் சொன்னேன். மருமகன் ஒரு கிரிக்கெட் பைத்தியம். மேட்ச் நடக்கும் நாளில் கடையில் சில்லறை மாற்றிக் கொடுத்துவிடுவார். ஆகவே கிரிக்கெட்டை வைத்தே அவருக்கு விளங்கப்படுத்தினேன். அதைத்தான் இவ்வாரம் இங்கே எழுதுகிறேன். வியாபாரப் பக்கத்தில் விளையாட்டு எதற்கு என்று எவரும் கோபிக்க வேண்டாம். நம்மூரில் ஒரு கூட்டுக்கடை உடைந்தால் அதன் கணக்கு நான்கு சுவருக்குள் கிடக்கும். விளையாட்டுச் சபைகள் உடையும்போது பங்கு எவ்வளவு, யார் போனார், எவ்வளவு கட்டிவிட்டுப் போனார் என்பதெல்லாம் பகிரங்கத்துக்கு வந்துவிடுகிறது. படிக்கிறவனுக்கு இலவசப் பாடம்.

முதலில் நம் நாட்டுக் கதை. சர்வதேச கிரிக்கெட் சபை என்று இன்று நாம் சொல்வது, 1909ஆம் ஆண்டு இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா ஆகிய மூன்று நாடுகள் சேர்ந்து ஆரம்பித்த கூட்டு. அப்போது அதன் பெயர் இம்பீரியல் கிரிக்கெட் கொன்பரன்ஸ். இந்தக் ‘கொன்பரன்ஸ்’ என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஆரம்பித்த மூவரில் ஒருவரான தென்னாபிரிக்கா, 1961இல் பொதுநலவாயத்தை விட்டு வெளியேறியதோடு தன் அங்கத்துவத்தையும் இழந்தது. திரும்பி வந்தது 1991இல். ஸ்தாபகர் என்ற பெயருக்காக எவரையும் உள்ளே வைத்திருக்க மாட்டார்கள் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

1965இல் இணை அங்கத்துவம் என்று ஒரு கீழ்த்தட்டை உண்டாக்கினார்கள். முதலில் அதில் சேர்க்கப்பட்டவர்கள் மூவர்: இலங்கை, பிஜி, அமெரிக்கா. ஆம், அமெரிக்காதான். உள்ளே எடுத்தார்கள், ஆனால் டெஸ்ட் விளையாடும் தகுதி தரவில்லை. 1979ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் இணை அங்கத்தவராக இருந்துகொண்டே இந்தியாவை 47 ஓட்டங்களால் தோற்கடித்தோம். அதற்குப் பிறகும் கதவு திறக்கவில்லை. காமினி திசாநாயக்க கிரிக்கெட் சபைத் தலைவராக இருந்து ஓடித்திரிந்த காலத்தில், 1981 ஜூலையில்தான் முழு அங்கத்துவம் கிடைத்தது. 16 வருடம் வாசலில் நின்றிருக்கிறோம். 1982 பெப்ரவரியில் கொழும்பு சரவணமுத்து மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடினோம்.

முழு அங்கத்துவம் கிடைத்துவிட்டது, எல்லோரும் சமம் என்று நாம் நினைத்தோம். ஆனால் 1993 வரை இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் மறுப்புரிமை இருந்தது. மற்ற எல்லோரும் கை உயர்த்தினாலும் அவர்களில் ஒருவர் வேண்டாமென்றால் காரியம் நடக்காது. அது போன பிறகு பணத்தின் மறுப்புரிமை வந்தது. 2014 பெப்ரவரியில் சிங்கப்பூரில் கூடி, இந்தியா, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா ஆகிய மூன்றுக்கும் நிர்வாகத்திலும் வருமானத்திலும் பெரும் இடம் கொடுக்கும் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். எட்டு நாடுகள் ஆதரித்தன. இலங்கையும் பாகிஸ்தானும் வாக்களிக்காமல் ஒதுங்கியிருந்தன. 2017இல் அந்த ஏற்பாடு மாற்றியமைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் ஆப்கானிஸ்தானும் அயர்லாந்தும் முழு அங்கத்தவர்களாகி, மொத்தம் 12 ஆனது.

பிறகு 2023 ஜூலையில் டர்பன் நகரில் புதிய பங்கீடு ஒன்று அங்கீகரிக்கப்பட்டது. 2024 முதல் 2027 வரையிலான காலத்துக்கு, வருடத்துக்குச் சுமார் 600 மில்லியன் டொலர் என்று கணக்கிட்டு ஊடகங்களில் வெளியான அட்டவணையில் இந்தியாவுக்கு 38.5 வீதம், இங்கிலாந்துக்கு 6.89, அவுஸ்திரேலியாவுக்கு 6.25, பாகிஸ்தானுக்கு 5.75, இலங்கைக்கு 4.52.

மருமகனுக்கு முகம் சிவந்துவிட்டது. “அநியாயம் மாமா” என்றார்.

நான் கேட்டேன், “அந்த 600 மில்லியன் எங்கிருந்து வாற காசு மகன்?” அதே காலத்துக்கான இந்திய ஒளிபரப்பு உரிமையை மட்டும் 2022இல் ஒரு கம்பனி சுமார் 3 பில்லியன் டொலர் கொடுத்து வாங்கியது. பானையில் உள்ள அரிசியில் பெரும்பகுதி ஒருவர் வீட்டிலிருந்து வருகிறது. அவர் தட்டு பெரிதாக இருக்க வேண்டும் என்று அவர் கேட்பது நமக்குக் கசக்கும். ஆனால் அவர் இல்லாவிட்டால் பானை எவ்வளவு இருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். நியாயம் வேறு, கணக்கு வேறு. வியாபாரி இரண்டையும் கலந்து பார்த்தால் இரண்டிலும் தவறுவான். என்னைக் கேட்டால், 38.5 என்ற எண்ணைவிட எனக்குக் கவலை தருவது அடுத்த பங்கீட்டில் 4.52 என்பது என்னவாகும் என்பதற்கு நம்மிடம் எழுத்தில் எந்தப் பிடியும் இல்லாததுதான்.

இன்னொன்றும் பாருங்கள். 2023 நவம்பர் 10ஆம் திகதி, அரசின் தலையீடு இல்லாமல் சபையை நடத்தும் கடமை மீறப்பட்டதாகச் சொல்லி இலங்கையின் அங்கத்துவத்தை இடைநிறுத்தினார்கள். இங்கே நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போய்விட்டது. 2024 ஜனவரி 28இல்தான் தடை நீங்கியது. அந்தக் கடமை யாப்பில் முன்பே எழுதிக் கிடந்ததுதான். பெரியவர் பணத்தால் பேசுகிறார், சபை யாப்பால் பேசுகிறது. சின்னவருக்குப் பணம் இல்லை. யாப்பையாவது வாசித்து வைத்திருக்க வேண்டாமா?

சரி, நம்மோடு 1965இல் அதே வாசலில் நின்ற அமெரிக்காவுக்கு வருவோம். அமெரிக்க விளையாட்டென்றால் நமக்கு அந்நியம் என்று நினைக்காதீர்கள். மட்டக்களப்பு நகரில் வெபர் மைதானத்தைத் தெரியாதவர் யார்? அந்தப் பெயர், இங்கே வந்து புனித மிக்கேல் கல்லூரியில் பணிசெய்த அமெரிக்க இயேசு சபைத் துறவி ஒருவருடையது. அந்த அமெரிக்கத் துறவிகளின் காலத்தில் வேரூன்றிய கூடைப்பந்தாட்டம் அந்தக் கல்லூரியின் பெயரை நாடு முழுக்கக் கொண்டுபோனது. அமெரிக்காவில் இந்தக் கல்லூரி விளையாட்டு என்பது பெரும் பணம் புரளும் தொழில்.

அங்கே பல்கலைக்கழக அணிகள் அயல் பிரதேசத்தவரோடு கூட்டுச் சேர்ந்து ஆடும். அந்தக் கூட்டுக்கும் ‘கொன்பரன்ஸ்’ என்றுதான் பெயர். போட்டிகளின் தொலைக்காட்சி உரிமையைத் தனித்தனியாக விற்காமல் மொத்தமாக விற்று, வரும் பணத்தைப் பங்கிட்டுக்கொள்வார்கள். புறக்கோட்டையில் லோட் கணக்கில் வாங்குவதற்கும் இதற்கும் அடிப்படையில் வித்தியாசமில்லை. நாங்கள் சேர்ந்து வாங்குகிறோம், அவர்கள் சேர்ந்து விற்கிறார்கள்.

மேற்குக் கரையில் பெக்-12 என்று ஒரு கொன்பரன்ஸ். அதன் வேர் 1915இல் நான்கு பல்கலைக்கழகங்கள் போட்டது. அந்த நால்வரில் ஒன்று ஒரிகன் ஸ்டேட். இரண்டு வருடம் கழித்து வொஷிங்டன் ஸ்டேட் சேர்ந்தது. காலப்போக்கில் பன்னிரண்டு பேர் ஆனார்கள். 2012இல் தமக்கென்று ஒரு தொலைக்காட்சிச் சேவையை ஆரம்பித்தார்கள். மற்றக் கொன்பரன்ஸ்கள் பெரிய தொலைக்காட்சிக் கம்பனிகளோடு சேர்ந்து இந்த வேலையைச் செய்தன. இவர்களோ நூற்றுக்கு நூறும் நமக்கே என்று நின்றார்கள். விளைவு, பெரிய செய்மதித் தொலைக்காட்சி நிறுவனமொன்று கடைசிவரை அந்தச் சேவையைத் தன் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கவே இல்லை. சொந்த லொறி, சொந்தக் களஞ்சியம், ஆனால் சாமான் இறக்கக் கடை இல்லை என்ற நிலை. நூறு வீதம் நமக்கு என்று சொல்லுமுன் எதனுடைய நூறு வீதம் என்று கேட்க வேண்டும்.

2022 ஜூன் 30ஆம் திகதி, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் இரு பெரும் பல்கலைக்கழகங்கள் கூட்டை விட்டு ‘பிக் டென்’ என்ற இன்னொரு கொன்பரன்ஸுக்குப் போவதாக அறிவித்தன. பெக்-12 கூட்டின் மிகப் பெரிய தொலைக்காட்சிச் சந்தை அந்த ஊர்தான். அரைவாசிச் சரக்குக்காரர் போனது போல. அதே ஆண்டு ஓகஸ்டில் பிக் டென் ஏழு வருடத்துக்கு 7 பில்லியன் டொலருக்கும் மேற்பட்ட ஒளிபரப்பு ஒப்பந்தம் செய்தது. மிஞ்சிய பத்துப் பேருக்கு ஒரு வருடம் தேடியும் அதற்குக் கிட்டவான விலை அகப்படவில்லை. கடைசியில் கையில் இருந்தது, எத்தனை பேர் சந்தா கட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்துப் பணம் தரும் ஓர் இணைய ஒளிபரப்புத் திட்டம் மட்டும். விற்றால் பங்கு, விற்காவிட்டால் இல்லை என்ற கதை. 2023 ஜூலையில் கொலராடோ போனது. ஓகஸ்ட் 4, அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை, ஒரே நாளில் ஐந்து பேர் போனார்கள். செப்டெம்பர் முதலாம் திகதி ஸ்டான்போர்டும் கலிபோர்னியாவும் ‘அட்லாண்டிக் கோஸ்ட்’ என்ற கூட்டில் சேர்ந்தன. பெயரிலேயே அட்லாண்டிக் கரை. இவை இரண்டும் இருப்பதோ பசுபிக் கரையில். பணம் என்று வந்தால் கடல் கூட இடம் மாறும்.

போனவர்கள் எல்லோரும் கொழுத்த பங்குக்குப் போகவில்லை. பிக் டெனுக்குப் போன ஒரிகனும் வொஷிங்டனும் ஏறத்தாழ அரைப் பங்குக்கே சம்மதித்தன. ஸ்டான்போர்டும் கலிபோர்னியாவும் முதல் ஏழு வருடத்துக்கு 30 வீதப் பங்கு. அவர்களோடு அதே நாளில் சேர்ந்த டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று, ஒன்பது வருடத்துக்குத் தொலைக்காட்சிப் பணத்தில் பங்கே வேண்டாமென்று எழுதிக் கொடுத்து உள்ளே போனது. பஸார் முகப்பில் கடை கிடைக்கக் கீ மணி கொடுப்பது போலத்தான். இடம் முக்கியமென்றால் சிலர் எதையும் கொடுப்பார்கள்.

கடைசியில் நின்றவர்கள் இருவர். 1915இல் கூட்டை ஆரம்பித்த ஒரிகன் ஸ்டேட், 1917இல் சேர்ந்த வொஷிங்டன் ஸ்டேட். இருவரின் ஊர்களும் சிறியவை. எந்தத் தொலைக்காட்சிக் கம்பனிக்கும் அவை அவசியமில்லை.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. யுத்த காலம். கொழும்பிலிருந்து இங்கே முந்நூறு கிலோமீற்றருக்கு மேல், வழி நெடுகச் சோதனைச் சாவடிகள். ஒரு லொறி கொண்டுவருவதே தனி ஒருவரால் முடியாத காரியம். ஐந்து கடைக்காரர்கள் சேர்ந்தோம். ஒருவருக்குப் பெரிய கடை. ஏறத்தாழ அரை லோட் அவருக்குத்தான். இலாபமோ ஐந்தில் ஒன்று. வாய்ப்பேச்சு ஒப்பந்தம். களஞ்சிய வாடகை உறுதி என் பெயரில், புறக்கோட்டை முதலாளிக்குக் கொடுக்கும் செக்கும் என் பெயரில். எல்லோரும் என்னை நம்பினார்கள் என்று எனக்கு அதில் பெருமை வேறு.

இரண்டு வருடம் நன்றாகவே ஓடியது. பிறகு பெரிய கடைக்காரருக்கு ஒரு கம்பனியின் ஏஜென்ஸி தனியாகக் கிடைத்தது. நோன்புக்கு ஒரு மாதம் இருக்கும்போது, “நான் விலகுறன்” என்றார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கணக்கு முடிக்கக் கூடிய கூட்டத்தில் அவரே தலைமையில் இருந்தார். களஞ்சியத்தை மூடி, முற்பணத்தை ஐந்தாகப் பிரிப்போம் என்று அவரே பிரேரித்தார். அவர் பின்னால் போக இருந்த இருவரும் கை உயர்த்தினார்கள். மூன்றுக்கு இரண்டு. தொடர்ந்து நடத்த விரும்பிய நாங்கள் இருவரும் தோற்றோம். நோன்புச் சரக்குக்காக எடுத்த லோட்டின் செக் மட்டும் என் பெயரில் நின்றது. மனைவியின் காப்பு இரண்டு அடகுக் கடைக்குப் போனது. ஒன்றுதான் திரும்பி வந்தது. புறக்கோட்டை முதலாளி மூன்று மாதத் தவணை தந்திராவிட்டால் இன்று இந்தப் பத்தியை எழுத நான் இருந்திருக்க மாட்டேன், வேறு ஏதாவது வேலை பார்த்துக்கொண்டிருப்பேன்.

சட்டத்தரணி ஒருவரிடம் போனேன். அவர் இரண்டு விடயம் சொன்னார். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஆயிரம் ரூபாய்க்கு மேல் மூலதனமுள்ள பங்குடைமை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து ஒப்பமிடப்பட்டிருக்க வேண்டும். ஆயிரம் ரூபாய்! இன்று ஒரு சின்னப் பை சாமானுக்குக்கூடக் காணாது. அதாவது நம்மூரில் நடக்கிற எந்தக் கூட்டு வியாபாரமும் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிடும். இரண்டாவது, பங்குடைமை விடயத்தில் நம் நாட்டில் ஆங்கிலச் சட்டமே பின்பற்றப்படுகிறது. அதன்படி, காலம் குறிக்காத பங்குடைமையை, வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, எந்தப் பங்காளியும் அறிவித்தல் கொடுத்துக் கலைத்துவிடலாம். “நீங்க எழுதியிருந்தா நான் பேசியிருப்பன். எழுதல்லியே” என்றார்.

அந்த மனிதரை நான் இன்றும் குறை சொல்வதில்லை. அரைவாசி கொண்டுவந்து ஐந்தில் ஒன்று எடுத்துக்கொண்டு போகிறவர் ஒரு நாள் விழித்துக்கொள்ளத்தான் செய்வார். என் வருத்தமெல்லாம், போவதென்று சொன்ன பிறகும் எங்கள் வீட்டை இடிக்க அவருக்கு வாக்கு இருந்ததுதான்.

ஒரிகன் ஸ்டேட்டும் வொஷிங்டன் ஸ்டேட்டும் பயந்ததும் இதற்குத்தான். போகிற பத்துப் பேரும் சபையில் உட்கார்ந்து, கூட்டைக் கலைப்போம், இருப்பதைப் பிரிப்போம் என்று கை உயர்த்தினால் இருவரால் என்ன செய்ய முடியும்? ஆனால் அவர்களுடைய யாப்பில் ஒரு வாசகம் இருந்தது. 2024 ஓகஸ்ட் முதலாம் திகதிக்கு முன் ஓர் அங்கத்தவர் விலகல் அறிவித்தல் கொடுத்தால், அவரது பிரதிநிதி பணிப்பாளர் சபையில் இருக்கும் உரிமையை உடனே இழப்பார். இலாபம் நன்றாக ஓடிய காலத்தில் யாரோ எழுதிவைத்த வரி அது. எவரும் அதைப் பெரிதாகக் கவனித்திருக்க மாட்டார்கள்.

இருவரும் நீதிமன்றம் போனார்கள். 2023 நவம்பரில் வொஷிங்டன் மாநிலத்தின் ஒரு மாவட்ட நீதிமன்றம், சபையின் கட்டுப்பாடு எஞ்சிய இருவருக்குமே என்று கட்டளையிட்டது. டிசம்பரில் மாநில உயர் நீதிமன்றம் அதை மாற்ற மறுத்தது. பத்துப் பேருக்கு எதிராக இரண்டு பேர். பின்னர் ஏற்பட்ட இணக்கத்தில், போகிறவர்களின் பங்கிலிருந்து 65 மில்லியன் டொலர் பிடித்து வைக்கப்பட்டது. வரவேண்டியிருந்த மற்ற வருமானங்களும் சொத்துக்களும் பெக்-12 என்ற பெயரும் இருவரிடமே தங்கின.

இந்த இடத்தில் மருமகன் கை தட்டினார். நான் பொறுக்கச் சொன்னேன். ஏனென்றால் அடுத்து அந்த இருவரும் செய்ததைப் பாருங்கள். கையில் இருந்த பணத்தையும் பெயரையும் வைத்து, 2024 செப்டெம்பரில் பக்கத்துக் கொன்பரன்ஸ் ஒன்றிலிருந்து ஐந்து அங்கத்தவர்களை இழுத்தார்கள். தமக்கு நடந்ததைத் தாமே இன்னொருவருக்குச் செய்தார்கள். அந்தப் பக்கத்துக் கூட்டும் விவரமானதுதான். முந்திய போட்டி ஒப்பந்தத்திலேயே, எங்கள் ஆட்களை எடுத்தால் இவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது. ஐந்து பேருக்கும் சேர்த்து 55 மில்லியன் டொலர் என்று கேட்டது. அது சட்டப்படி செல்லாது என்று இவர்கள் வழக்குப் போட்டார்கள். ஒரு வருடத்துக்கு முன் எழுத்தின் பேரால் நீதி கேட்டவர்கள் இவர்கள்! எது எப்படியோ, 2026 ஜூலை முதல் எட்டு உதைபந்தாட்ட அணிகளோடு அந்தக் கூட்டை மறுபடி நடத்துவதென்று ஏற்பாடாகியது.

இன்னொரு கூட்டின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது வேறு விதமானது. கிழக்குக் கரையில் ‘பிக் ஈஸ்ட்’ என்ற கொன்பரன்ஸில் இரண்டு சாதி அங்கத்தவர்கள். பெரும் பணம் தரும் அமெரிக்க உதைபந்தாட்டம் ஆடுகிறவர்கள் ஒருபுறம், அந்தப் பெரிய போட்டியில் இல்லாமல் கூடைப்பந்தாட்டத்தை நம்பியிருந்த ஏழு கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் மறுபுறம். அந்த ஏழில் இரண்டு, நம் வெபர் அடிகள் சார்ந்த அதே இயேசு சபையினுடையவை. உதைபந்தாட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு கூட்டுக்குப் போவதும், வெற்றிடத்துக்கு எங்கெங்கோ இருந்து ஆள் பிடிப்பதுமாக இருந்தபோது, ஏழு பேரும் 2012 டிசம்பரில் சேர்ந்து முடிவெடுத்தார்கள்: நாங்களே போகிறோம். பேச்சுவார்த்தையில் ‘பிக் ஈஸ்ட்’ என்ற பெயரையும் நியூயோர்க் நகரின் புகழ்பெற்ற அரங்கில் போட்டி நடத்தும் உரிமையையும் வாங்கிக்கொண்டு 2013 ஜூலையில் தனியாக ஆரம்பித்தார்கள். 2016இலும் 2018இலும் அவர்களில் ஒருவர் தேசிய சம்பியன். 2020இல் திரும்பி வந்து சேர்ந்த பழைய அங்கத்தவர் ஒருவர் 2023, 2024 இரண்டு வருடமும் சம்பியன். ஒரே அளவான கடைகள், ஒரே விதமான சரக்கு. பங்கைப் பற்றிய சண்டை அங்கே குறைவு.

மருமகன் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்ப ஓட்டமாவடிக்காரரை விட்டுட்டு மூணு பேர் செய்யிறதா மாமா?” என்றார்.

“அவர் இல்லாட்டி லோட் நிரம்புமா?”

“நிரம்பாது.”

“அப்ப அவரும் வேணும். அவர் போனாலும் நீங்க நிக்கவும் வேணும். ரெண்டையும் எழுதுவம்.”

அடுத்த நாள் அஸருக்குப் பிறகு இருவரும் உட்கார்ந்து தாளைத் திருத்தினோம். இலாபம் சமம் என்பதை வெட்டினோம். விலைக்கழிவும் லொறிக் கூலியும் எடைக் கணக்குப்படி. அரை லோட் எடுக்கிறவருக்கு அரைப் பயன், அரைச் செலவு. ஓட்டமாவடிக்காரருக்கு இது முந்தியதைவிட நல்லது. அவர் மூன்று வருடம் கழித்துக் கண்டுபிடித்துக் கோபப்படுவதற்கு முன் நாமே கொடுத்துவிடுவோம் என்றேன். வாக்கு மட்டும் ஆளுக்கு ஒன்று. செக் இருவர் ஒப்பத்தோடு. காலம் ஐந்து வருடம். விலகுவதென்றால் ஆறு மாத அறிவித்தல். அறிவித்தல் கொடுத்த நாள் முதல் கூட்டின் சொத்து, களஞ்சியம், பெயர், கலைப்பு எதிலும் விலகுகிறவருக்கு வாக்கில்லை. அவர் பெயரில் எடுத்த சரக்கின் கடனைத் தீர்த்த பிறகே அவரது முற்பணம் திரும்பும். களஞ்சியக் குத்தகை நிற்கிறவர்களுக்கே.

இதை எழுதும்போது மருமகன் ஒரு கேள்வி கேட்டார். நாளைக்கு அவருக்கே நல்ல வாய்ப்பு வந்து விலக நேர்ந்தால் இதே வரி அவரையும் கட்டிப்போடாதா என்று. கட்டிப்போடும்தான். அமெரிக்காவில் டெக்சாஸ், ஒக்லஹோமா என்ற இரு பெரும் பல்கலைக்கழகங்கள் ஒரு வருடம் முந்திப் போவதற்காக 2024இல் பழைய கூட்டுக்கு இருவருமாக 100 மில்லியன் டொலர் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. விலகும் உரிமைக்கு விலை இருக்கிறது, அது முன்கூட்டியே தெரிந்திருப்பது நமக்கும் நல்லது என்று மட்டும் சொன்னேன். அவருக்கு முழுத் திருப்தி இல்லை. அந்த ஆறு மாதத்தை நான்காகக் குறைத்தோம்.

தாள் நொத்தாரிசிடம் போய்த் திருத்தமாக எழுதப்பட்டு நான்கு பிரதியாக வந்தது. ஏறாவூர்க்காரர் அன்றே ஒப்பம் வைத்தார். களுவாஞ்சிக்குடிக்காரர் இரண்டு தடவை வாசித்து, செக் விடயத்தில் ஒரு சொல்லைத் திருத்திவிட்டு வைத்தார். ஓட்டமாவடிக்காரர் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

“காக்கா, நான் இன்னும் வந்து சேரவே இல்ல. அதுக்குள்ள போற கதைய எழுதி வெச்சிருக்கீங்களே!”

“எடைக் கணக்கையும் எழுதி வெச்சிருக்கன் தம்பி. அதையும் வாசிங்க” என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “அதையும் வாசிச்சன்” என்றார். பிரதியைத் தன் சட்டத்தரணியிடம் காட்டக் கொடுத்திருக்கிறாராம். அடுத்த செவ்வாய்க்கிழமை பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். மருமகன் லொறிக்காரரிடம் அதுவரை முற்பணம் கொடுக்கவில்லை.